வெடியரசன் கோட்டையும் என் இடது காலும்

பழைய இடங்கள் எல்லாம் நடக்கக்கூடியவர்களுக்காகவே இடிந்து கிடக்கின்றன. மலேசியாவின் கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்குக்கு ஒருமுறை பள்ளிக்கூட ஆசிரியர்களோடு போயிருந்தேன். மலையில் மிகப் பழைய கோயில் ஒன்றின் அடித்தளம் இருக்கிறது என்றார்கள். எல்லோரும் ஏறினார்கள். நான் ஓடைக்கரையில் சாப்பாட்டுப் பொட்டலங்களுக்குக் காவல் இருந்தேன். இறங்கி வந்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "ஒன்றுமில்லை சார், வெறும் கல்லு" என்றார்கள். என் மேல் உள்ள இரக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கோ அந்த வெறும் கல்லைத்தான் பார்க்க வேண்டும்.

என் இடது கால் ஜப்பான்காரன் காலத்தில் ஒரு காய்ச்சலோடு போனது. அப்போது எனக்கு ஐந்து வயது. இடுப்பிலிருந்து சப்பாத்து வரைக்கும் இரும்புச் சட்டமும் தோல் பட்டிகளும், வலது கையில் ஒரு தடி. சீமெந்துத் தரை என்றால் ஒருவரையும் மறிக்காமல் நடப்பேன். மணலும் படியும் படகும்தான் பகை. தைப்பிங்கில் பூகோளம் படிப்பிக்கிறேன். பார்க்க முடியாத இடங்களைப் பற்றிப் படிப்பிப்பதற்கு என்னைப் போல ஆள் கிடைக்காது என்று சக ஆசிரியர் ஒருவர் சொல்லிச் சிரிப்பார்.

நெடுந்தீவுக்கு நான் போனது கல் பார்க்க அல்ல, அண்ணையைப் பார்க்க.

ஐயா தைப்பிங்கில் ரயில்வே கிளார்க்காக இருந்தவர். யுத்தம் தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், லீவில் ஊருக்குப் போகும்போது மூத்தவனை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டுத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. அண்ணைக்கு ஒன்பது வயது, எனக்கு மூன்று. பிறகு கடல் பூட்டிக்கொண்டது. அது திறந்தபோது ஐயா நெடுந்தீவில் மாடும் காணியுமாக ஊன்றிவிட்டார். "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா" என்று அம்மாவுக்கு எழுதிக்கொண்டிருந்தார். அம்மா அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று பதில் எழுதினாள். ஐயா இறந்தார். பிறகு அம்மாவும் இறந்தாள். அதற்கு அடுத்த வருடப் பள்ளி விடுமுறையில் நான் புறப்பட்டேன். வருகிறேன் என்று அண்ணைக்கு எழுதியபோது காலைப் பற்றி எழுதவில்லை. அவருக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் பண்ணைப் பாலத்தைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கடல் வந்து கூடவே ஓடியது. தைப்பிங்கில் எந்தப் பக்கம் பார்த்தாலும் பச்சை கண்ணை மறைக்கும். இங்கே மறைக்க ஒன்றுமே இல்லை. மண்கும்பானில் பனைகளுக்கிடையில் வெள்ளை மணல். ஏறியவர்கள் எல்லோருக்கும் ஒரே கதை: பாண் கிடைக்கவில்லை, சீனி கிடைக்கவில்லை. "இப்ப மரவள்ளிக்கிழங்குதான் மூண்டு நேரமும்" என்றார் பக்கத்திலிருந்தவர். சொன்ன கையோடு தன் பையிலிருந்து அவித்த கிழங்கு ஒன்றை எடுத்துச் சம்பலோடு என்னிடம் நீட்டினார். உறைப்பில் கண் கலங்கியது. மலேயாக்காரருக்கு உறைப்பு ஏலாது என்று பஸ் முழுக்கச் சிரித்தார்கள்.

குறிகட்டுவான் துறையில் நயினாதீவுக்குப் போகும் சிங்கள யாத்திரிகர்கள் வெள்ளை உடையில் நின்றார்கள். ஒரு அம்மா என் காலைப் பார்த்துவிட்டுப் படகோட்டியிடம் சத்தமாக ஏதோ சொன்னார். "உங்களை முதல் ஏத்தட்டாம், பிறகுதானாம் தங்களை" என்று அவன் சொன்னான். எங்கள் படகு அது இல்லை என்று விளங்கப்படுத்துவதற்குள் நாலு பேர் என்னைத் தூக்கி நயினாதீவு வள்ளத்தில் வைத்துவிட்டார்கள். திரும்ப இறக்கவும் அதே நாலு பேர்தான். அந்த அம்மாவுக்கு மிகவும் கவலை.

நெடுந்தீவு மோட்டர் வள்ளத்தில் அடித்தட்டில் இருத்தினார்கள். நயினாதீவுக் கோயில் கோபுரம் பின்னால் போனதும் ஏழாத்துப்பிரிவு என்ற இடம் வந்தது. அதுவரை அரசியல் பேசியவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். கடல் வள்ளத்தை எடுத்து எடுத்துப் போட்டது. அந்த நேரம் நடக்கக்கூடியவர்களும் என்னைப் போலத்தான் எதையாவது பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

நெடுந்தீவின் மாவிலித்துறையில் அண்ணையை எனக்கு உடனே தெரிந்தது. அம்மாவின் நெற்றி. வெள்ளை வேட்டி, புதுச் சேட். கூட இரண்டு சிநேகிதர்களை அழைத்து வந்திருந்தார். அவர் கண் என் மேல் பட்டு, என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் இறங்குகிறவர்களைத் தேடிக்கொண்டிருந்தது. எல்லோரும் இறங்கி முடிந்தார்கள். தேட ஆள் இல்லை.

"அண்ணை" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு காலை. பிறகு முகத்தை.

சிநேகிதர்களில் ஒருவர் கேட்டார்: "பாலா, உவரோ அந்தப் பந்தடிக்கிற தம்பி?"

"ஓம். இவன்தான்" என்றார் அண்ணை. என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறு என்று நடந்தார். கொஞ்சத் தூரம் போய் நினைவு வந்து நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை, நான் வந்து சேரும்வரை அப்படியே நின்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அம்மா எழுதியதெல்லாம் நான் ஓடியாடித் திரிவதாக. அனுப்பிய படங்களில் எல்லாம் நான் கதிரையில் இருப்பேன், அல்லது இடுப்பு வரைதான் தெரிவேன். முப்பது வருடத்துக்கு மேலாக இந்தத் தீவில் எனக்கு இரண்டு நல்ல கால்கள் இருந்திருக்கின்றன.

அண்ணையின் மனைவியை அங்கே மச்சாள் என்றுதான் கூப்பிட வேண்டும். மச்சாள் ஒரு போத்தலில் சீனி ஒளித்து வைத்திருந்தா. எனக்கு மட்டும் சீனித் தேத்தண்ணி, அவர்கள் இருவரும் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தார்கள். நானும் பனங்கட்டி கேட்டேன். "அது உங்களுக்குச் சரிவராது" என்று தரவில்லை. அன்றைக்கு யாரும் காலைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எப்படி என்று மூவரும் பாடுபட்டோம். படுக்கையில் சட்டத்தைக் கழற்றிச் சுவரில் சாத்தியபோது அந்த அறைச் சுவரைக் கவனித்தேன். பவளக்கல், சுண்ணாம்பு. மற்ற இரண்டு அறைகளும் மண் சுவர்.

அடுத்த நாள் அண்ணை மாட்டு வண்டிலைப் பூட்டினார். "நெடுந்தீவுக்கு வந்து கோட்டை பாக்காமல் போறதோ?" என்றார். பூஜாங் பள்ளத்தாக்குக் கதையை நான் அவருக்குச் சொல்லவில்லை.

வழியெல்லாம் கல்வேலி. சாந்து இல்லாமல் பவளக்கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், காற்று ஊடாகப் போய் வருகிறது. வெளியில் மட்டக்குதிரைகள் நாலைந்து நின்று எங்களைப் பார்த்தன. ஒல்லாந்தர் வளர்த்து விட்டுப்போனவற்றின் பிள்ளைகளின் பிள்ளைகள். ஒருவருக்கும் சொந்தமில்லை.

கடற்கரைக் கோட்டையை அங்கே மீகாமன் கோட்டை என்கிறார்கள். புத்தகங்கள் ஒல்லாந்தர் கோட்டை என்கின்றன. வண்டில் சுவர் வரைக்கும் போயிற்று. இறங்கி, கையை வைத்தேன். மூளை போலவும் தேன்கூடு போலவும் கோலம் போட்ட கற்கள். ஒரு காலத்தில் கடலுக்குள் உயிரோடு இருந்தவை. வெய்யிலில் சுட்டன. ஒரு இடிந்த இடத்தில் கையை வைக்க எனக்கு முப்பத்தாறு வயது ஆகவேண்டியிருந்தது. கையை எடுக்கவே மனம் வரவில்லை. புறாக்கூடும் பார்த்தேன், குதிரை லாயத்தின் தூண்களும் பார்த்தேன். இரண்டு தூணுக்கிடையில் நின்றபோது மேலே கூரை இருந்த இடத்தில் ஒரு பருந்து நின்றது.

வழியில் சந்தித்தவர்கள் எல்லோரும் வண்டிலை மறித்தார்கள். "தம்பியோ? காலுக்கு என்ன?" லாயத்தடியில் தூணுக்கு இந்தப் பக்கம் நான் நிற்க, அந்தப் பக்கம் அண்ணை ஒருவருக்குச் சொல்வது கேட்டது.

"பந்தடியிலை முறிஞ்சது. பெரிய விளையாட்டு. கோல் அடிச்சுப்போட்டுத்தான் விழுந்தவனாம்."

"அட, பாவமே!"

"வென்றதாம். ஆனால் கால் போச்சுது."

நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மாவின் பொய்யை அவர் தன் தலையில் சுமந்து வந்து, உடையாமல் இறக்கிவைக்கப் பார்க்கிறார்.

பொழுதுபட மச்சாள் குரக்கன் பிட்டும் விளைமீன் சொதியும் தந்தா. எருமைத் தயிர் ஒரு சட்டி. பிட்டைப் பிசைந்துகொண்டே சொன்னேன்: "அண்ணை, நான் ஒரு நாளும் பந்தடிச்சதில்லை."

அவர் கை நின்றது.

"காய்ச்சல். ஜப்பான்காரன் காலத்திலை. அஞ்சு வயசு."

"அஞ்சு வயசிலையோ?"

"ஓம்."

"அப்ப, கடல் திறந்தபோது உனக்கு இப்பிடித்தான் இருந்தது?"

"ஓம்."

"அதுக்காகவோ அம்மா வரேல்லை?"

அம்மா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் ஊரிலிருந்து கடிதம் வந்த நாட்களில் அவள் என் காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போது வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வாள். எனக்குத் தெரியும்.

"பிள்ளையை ஒழுங்காப் பாக்கத் தெரியாதவள் எண்டு சொல்லுவினம் எண்டு பயந்தவ" என்றேன்.

"சொல்லியிருப்பினம்தான்" என்றார் அண்ணை. குரல் உயரவில்லை. "ஐயாவின்ரை அக்கா, மாமியே முதல் சொல்லியிருப்பா. ஒரு மாசம் கதைச்சிருப்பினம். பிறகு அவைக்கு வேறை கதை கிடைச்சிருக்கும்."

சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். "நீ படுக்கிற அறை, ஐயா அம்மாவுக்கெண்டு கட்டினது. கடற்கரையிலை இருந்து கல்லு நானும் அவரும் காவினனாங்கள். ஒரு மாசக் கதைக்குப் பயந்தோ? எங்களை என்ன ஆக்கள் எண்டு நினைச்சவ?"

எழுந்து மாட்டடிக்குப் போய்விட்டார். மச்சாள் அவருடைய கோப்பையை மூடிவைத்தா. "பிள்ளை சாப்பிடுங்கோ. அவர் மாட்டோடை கதைச்சுப்போட்டு வருவார்" என்றா. சாப்பிட முடியவில்லை.

மறுநாள் காலை அண்ணை முகம் கொடுக்கவில்லை. ஆனால் வண்டில் பூட்டியிருந்தது. "வெடியரசன் கோட்டை" என்றார். அவ்வளவுதான். தீவை முன்னொரு காலத்தில் ஆண்டதாகச் சொல்லும் அரசனின் கோட்டை, தீவின் மேற்குப் பக்கம். மாடு நடக்கிற சத்தமும் என் சட்டம் வண்டில் பலகையில் தட்டுகிற சத்தமும்தான் வழி முழுக்க. மன்னிப்புக் கேட்கலாம் என்றால் எதற்கென்று கேட்பது? ஒரு காய்ச்சலுக்காகவா, அம்மாவின் பயத்துக்காகவா?

பற்றைக்காட்டுக்கு அருகில் வண்டில் நின்றது. அங்கிருந்து ஒரே கல். ஒவ்வொன்றும் காலுக்குக் கீழே புரளும் பவளக்கல், இடையில் முள். இறங்கி நடந்து பார்த்தேன். தடி இரண்டு கல்லுக்கிடையில் இறுகியது. இழுத்தேன், சட்டத்தின் முழங்கால் பூட்டு ஒரு பக்கமாகத் திரும்பி வலித்தது. மேட்டில் கோட்டை என்று சொல்லும் கற்குவியல் தெரிந்தது. தெரிந்ததே தவிர, அது எனக்கு இல்லை.

அண்ணை திரும்பி வந்தார். தூக்கிக்கொண்டு போகவா என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் நான் மறுத்திருப்பேன். அவர் கேட்கவில்லை. ஒரு பெரிய கல்லைப் புரட்டி, துவாயால் தட்டி, "இதிலை இரு" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப்போனார்.

ஓடைக்கரைப் பொட்டலங்கள் மாதிரி அங்கே உட்கார்ந்தேன். ஆடுகள் சில வந்து என்னை முகர்ந்துவிட்டுப் போயின. அண்ணை குவியலுக்குப் பின்னால் மறைந்தார். காற்று மட்டும் வீசியது.

"தம்பி! கேக்குதோ?"

எழுந்து நின்றேன். "ஓம்!"

"இஞ்சை வட்டமாக் கட்டியிருக்கு! கல்லை வெட்டி வெட்டி, வளைச்சுக் கட்டியிருக்கு!"

"எவ்வளவு உயரம்?"

"என்ரை இடுப்பு மட்டும்! ஒரு பக்கம் சரிஞ்சு போச்சு! பொறு, சுத்திப் பாக்கிறன்!"

அவர் தெரியவில்லை. குரல் மட்டும் குவியலைச் சுற்றி நகர்ந்தது. இன்னும் ஒரு வட்டம், சின்னது. கல்லில் இருக்கும் பூ மாதிரிக் கோலம். இடுக்கில் ஒரு முள்ளுச்செடி, அதில் மஞ்சள் பூ. ஓணான் ஒன்று. ஊரில் எல்லோரும் வெடியரசன் மாளிகை என்கிறார்கள், படித்தவர்கள் புத்தர் கோயில் என்கிறார்கள், எதுவென்று தனக்குத் தெரியாது, ஆனால் கல் இறுக்கமாகப் பொருந்தியிருக்கிறது, கத்தி நுனியும் போகாது. இரண்டு நாளில் பேசாததை எல்லாம் சேர்த்துக் கத்திக்கொண்டிருந்தார். நான் கேள்வி கேட்டேன், அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொன்னார். மேலிருந்து எனக்கு யாரும் இவ்வளவு கொண்டுவந்து தந்ததில்லை.

பிறகு குரல் நகராமல் ஒரே இடத்திலிருந்து வந்தது.

"தம்பி!"

"சொல்லுங்கோ!"

"அம்மா என்னைப் பற்றிக் கதைக்கிறவவோ?"

அவர் கல்லுக்குப் பின்னால் நின்றார். முகம் பார்க்க எனக்கு வழியில்லை, அவருக்கும் இல்லை.

"என்னைக் கூப்பிடேக்கை முதல் உங்கடை பேர்தான் வரும்! பாலா எண்டுபோட்டுப் பிறகுதான் குணம் எண்டுவா!"

"என்ன? காத்துக்குக் கேக்கேல்லை!"

"பாலா எண்டுதான் கூப்பிடுவா! என்னை!"

"கேக்கேல்லையடா!"

தடியை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் வாயில் குவித்தேன். "முதல் உங்கடை பேர்! எப்பவும்! கடைசி நாளும்!"

ஆடுகள் விலகி ஓடின. அண்ணை இறங்கி வர வெகுநேரம் ஆயிற்று. வந்தபோது முகம் கழுவியவர் போல இருந்தது, அந்தப் பக்கம் தண்ணீர் கிடையாது. விழுந்து கிடந்த என் தடியை எடுத்துத் தந்தார். "பசிக்குது, வா" என்றார்.

அன்று மதியம் பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழ். நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டுப் பலா இலையில் கோலிக் குடித்தோம். அண்ணை மூன்று தரம் வாங்கினார். மாலையில் ஒருவர் வந்து காலுக்கு என்ன என்று கேட்டபோது, "சின்னனிலை காய்ச்சல்" என்றார் அண்ணை. வந்தவர் அதற்குப் பிறகு மழை பெய்யாததைப் பற்றிப் பேசினார்.

நாலாம் நாள் நான் திரும்ப வேண்டும். தைப்பிங்குக்கு வாருங்கள் என்று இரவு முழுக்கக் கேட்டிருந்தேன். "மாட்டை ஆர் பாக்கிறது?" என்று ஒரே பதில். மாவிலித்துறையில் வள்ளம் கயிறு அவிழ்த்தபோது அண்ணை தாவி ஏறினார். "குறிகட்டுவான் மட்டும் வாறன். ஏழாத்திலை நீ தனிய இருக்கப்படாது." மச்சாள் கரையில் நின்று, "மனிசா, மாத்து வேட்டியும் இல்லை!" என்று கத்தினா.

குறிகட்டுவானில், "பஸ்ஸிலை ஏத்திவிடுறன்" என்று ஏறியவர் பிறகு இறங்கவில்லை. யாழ்ப்பாணத்தில், "ஸ்ரேசன் மட்டும்" என்றார். பிளாற்போம் ரிக்கற் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். கொழும்பு மெயிலில் எனக்குச் சன்னலோரம் பிடித்துத் தந்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். வண்டி நகர்ந்தது. அவர் நகரவில்லை.

"சாவகச்சேரியிலை இறங்குறன்" என்றார். சாவகச்சேரி வந்தபோது, "கொடிகாமத்திலையும் நிக்கும்தானே" என்றார்.

ரிக்கற் பார்க்க வந்தவர் அவர் நீட்டிய சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐயா, பிளாற்போம் பின்னாலை நிண்டிட்டுது" என்றார். விஷயத்தைச் சொன்னேன். சீட்டை அண்ணையின் கையில் திருப்பி வைத்துவிட்டு, "பளையிலை எண்டாலும் இறங்கிடுங்கோ, அங்காலை போனால் திரும்புறது கஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெளியே பனை குறைந்து தென்னை வந்தது. ஒன்பது வயதில் ஊருக்கு வந்த பிறகு அண்ணை இந்தப் பாதையில் போனதில்லையாம். ஒவ்வொரு ஊர்ப் பலகையையும் எழுத்துக்கூட்டி வாசித்தார். ஒருமுறை என் இரும்புச் சட்டத்தில் கையை வைத்து, பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார். காட்டினேன். இரண்டு தரம் பூட்டித் திறந்து பார்த்தார். "கெட்டித்தனமாத்தான் செய்திருக்கிறான்" என்றார்.

பளையில் வண்டி நின்றது. எழுந்தார். இறங்கி, சன்னலுக்கு வெளியே வந்து நின்றார். அந்த மாலை வெளிச்சத்தில் அம்மாவின் நெற்றி மட்டும் தெரிந்தது. போகும்போது எல்லோரும் 'போயிட்டு வா' என்பார்கள். அவர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "வா" என்று மட்டும் சொன்னார். வண்டி அசைந்து, கம்பி அவர் கையை விட்டுப் போகும்வரை பிடித்திருந்தார்.

பளையில் ஏறிய ஒருவர் தோளில் தேங்காய்ச் சாக்கோடு இடம் தேடிக்கொண்டு வந்தார். என் பக்கத்து இருக்கையைக் காட்டி, "இதிலை ஆள் இருக்கோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். "இருக்கு."

அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார்.